நின்றார்கள், பாடவில்லை

கடவுளின் கட்டளை என்று தாங்கள் நம்பியதற்குக் கீழ்ப்படிந்த மூன்று குழந்தைகள் 1985ல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அக்கம்பக்கத்தார் ஏற்காத, மற்ற கிறிஸ்தவ சபைகளும் மறுக்கும் ஒரு நம்பிக்கை அது. உச்ச நீதிமன்றம் அதற்குக் கொடுத்த இடம் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை.

காலை மணி அடித்ததும் மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். தேசிய கீதம் துவங்குகிறது. முழுதாகப் பாட 52 விநாடிகள் பிடிக்கும். எல்லோருடைய உதடுகளும் அசையும் அந்த நேரத்தில் மூன்று பேருடைய உதடுகள் மட்டும் மூடியிருக்கின்றன. பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையன். ஒன்பதாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் அவனுடைய இரண்டு தங்கைகள். அவர்கள் உட்காரவில்லை, பேசவில்லை, சிரிக்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து மரியாதையாக எழுந்து நிற்கிறார்கள். பாடுவது மட்டும் இல்லை.

இடம், கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் உள்ள கிடங்கூர். அவர்களுடைய மூத்த சகோதரிகளும் அதே பள்ளியில் படித்தபோது இப்படித்தான் நின்றிருந்தார்கள். பல வருடங்களாக யாருக்கும் அது உறுத்தவில்லை. 1985 ஜூலையில் ஒருவருக்கு உறுத்தியது. அவரைப் பின்னர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பெயர் சொல்லாமல், 'தேசபக்தர் ஒருவர்' என்று சற்றுக் குத்தலாகவே குறிப்பிட்டது. அவர் ஒரு சட்டமன்ற உறுப்பினர். குழந்தைகள் பாடாதது தேசத்துக்கு எதிரான செயல் என்று அவர் நினைத்தார். சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது. விசாரிக்க ஒரு குழு போடப்பட்டது.

குழு விசாரித்துச் சொன்ன முடிவு குழந்தைகளுக்குச் சாதகமானது: அவர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை. ஆனாலும் கல்வித் துறை அதிகாரியின் உத்தரவின்படி தலைமை ஆசிரியை ஜூலை 26ஆம் தேதி மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார். அரசின் முடிவு வரும்வரையாவது வகுப்பில் உட்கார விடுங்கள் என்று தந்தை கேட்டுப் பார்த்தார். தன் கையில் எதுவும் இல்லை என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

பையனுக்கு அது பத்தாம் வகுப்பு. எந்த வீட்டிலும் பெற்றோர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கும் வருடம். 'பாடுகிறோம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே மூவரும் வகுப்புக்குத் திரும்பியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர்களால் சொல்ல முடியவில்லை.

கதவைத் தட்டுபவர்கள்

அந்தக் குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்தது. பெயர் தெரியாதவர்களுக்கும் ஆட்களைத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேராக, சுத்தமாக உடுத்தி, கையில் பையோடு வந்து அழைப்பு மணியை அடிப்பார்கள். பைபிள் பற்றிப் பேச இரண்டு நிமிடம் கிடைக்குமா என்று கேட்பார்கள். 'காவற்கோபுரம்', 'விழித்தெழு!' இதழ்களைத் தமிழ், மலையாளம் உள்பட எத்தனையோ மொழிகளில் விநியோகிக்கிறவர்கள் இவர்கள்தான். பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில் 'வேண்டாம்', 'நேரமில்லை' அல்லது சாத்தப்படும் கதவு. அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை, அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் நிறுத்திய இந்த வீட்டுக்கு வீடு ஊழியத்தை 2022 செப்டம்பரில் மறுபடி தொடங்கினார்கள்.

கேட்கிறார்களோ இல்லையோ, சொல்லவேண்டியது கடமை என்பது பைபிளின் தீர்க்கதரிசிகள் காலத்து எண்ணம். எசேக்கியேலுக்குக் கடவுள் இட்ட கட்டளையே அதுதான்: கலகக்காரர்களான மக்கள் செவிகொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம், நீ போய்ச் சொல். எரேமியா சொல்லி எழுதவைத்த சுருளை யோயாக்கீம் அரசன் துண்டு துண்டாக அறுத்துக் குளிர்காயும் நெருப்பில் போட்டான். எரேமியா மறுபடி முதலிலிருந்து சொல்லி எழுதவைத்தார். சாத்திய கதவுகளைக் கண்டு சாட்சிகள் சோர்ந்துபோகாததற்குக் காரணம் இந்தக் கதைகளை அவர்கள் பழங்கதைகளாகப் படிக்காததுதான்.

நிராகரிப்பு இந்துக்களிடமிருந்தோ முஸ்லிம்களிடமிருந்தோ மட்டும் வருவதில்லை. கோட்டயம் சிரியன் கிறிஸ்தவர்களின் கோட்டை. அங்கே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் அண்டை வீட்டாரே சாட்சிகளைத் தங்களில் ஒருவராக ஏற்பதில்லை. திரித்துவக் கொள்கையைச் சாட்சிகள் மறுக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை, பிறந்தநாளும் இல்லை. ஓட்டுப் போடுவதில்லை, ராணுவத்தில் சேருவதில்லை, உயிரே போனாலும் ரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் காட்டுவார்கள். மற்ற சபைகளும் அதே வசனங்களைத்தான் படிக்கின்றன. வேறு பொருள் கொள்கின்றன.

இந்தியாவில் இவர்கள் புதியவர்களும் அல்ல. அமெரிக்காவில் சார்லஸ் டேஸ் ரஸ்ஸல் துவக்கிய பைபிள் மாணவர் இயக்கத்தின் வழிவந்தவர்கள். பொறியியல் படிக்க அமெரிக்கா சென்று ரஸ்ஸலைச் சந்தித்த ஓர் இந்திய இளைஞர் 1905ல் திரும்பி வந்து தமிழர்களிடையே, குறிப்பாக நாகர்கோவில் வட்டாரத்தில், பிரசாரம் செய்தார். 1912ல் ரஸ்ஸலே திருவிதாங்கூருக்கு வந்துபோனார். திருவனந்தபுரம் மாவட்டத்தில் ரஸ்ஸல்புரம் என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கதவுகளைத் தட்டியும் இந்தியாவில் இவர்கள் எண்ணிக்கை சில பத்தாயிரங்களைத் தாண்டவில்லை. 140 கோடி மக்களில் இது ஒரு துளிகூட இல்லை.

பாட்டில் என்ன தவறு?

தேசிய கீதத்தைப் பாட ஏன் மறுக்க வேண்டும்? பாட்டின் சொற்களிலோ கருத்திலோ குழந்தைகளுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இந்திய கீதம் என்பதாலும் மறுக்கவில்லை. பிரிட்டனில் அரசரை வாழ்த்தும் கீதத்தையும், அமெரிக்காவில் கொடி வணக்கத்தையும் அவர்களுடைய சகோதரர்கள் இதேபோல மறுத்திருக்கிறார்கள். கீதம் பாடுவது துதி. துதி கடவுள் ஒருவருக்கே உரியது. ஒரு நாட்டுக்கு அதைச் செலுத்தினால் பத்துக் கட்டளைகளை மீறியதாகும். இதுதான் அவர்கள் வாதம்.

இதற்கு அவர்கள் அடிக்கடி காட்டும் முன்னுதாரணம் தானியேல் புத்தகத்தில் இருக்கிறது. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் ஒரு பொற்சிலையை நிறுத்துகிறான். வாத்தியங்கள் முழங்கியதும் எல்லோரும் அதன் முன்னே விழுந்து வணங்க வேண்டும். வணங்காதவர்களுக்கு எரியும் சூளை. கூட்டம் முழுதும் விழுகிறது. சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற மூன்று யூத இளைஞர்கள் மட்டும் நிற்கிறார்கள். அவர்கள் கலகம் செய்யவில்லை. அரசனுடைய அதிகாரிகளாக அவனுக்கு உண்மையாக வேலை பார்த்தவர்கள். கடவுள் தங்களைக் காப்பாற்றாமல் போனாலும் சரி, வணங்க மாட்டோம் என்று அரசனிடமே சொல்கிறார்கள். பாட்டு முழங்கும்போது மூன்று பேர் மட்டும் தனித்து நிற்கும் கதை. கிடங்கூர்க் குழந்தைகளுக்கு இந்தக் கதை வீட்டில் சொல்லிக்கொடுக்கப்படாமல் இருந்திருக்க முடியாது.

ஆனால் வரிகட்டுவதையோ சட்டத்தை மதிப்பதையோ சாட்சிகள் மறுப்பதில்லை. ஆளும் அதிகாரிகளுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதும் அவர்களுக்கு வேதவாக்குத்தான். ஆகவேதான் எழுந்து நிற்கிறார்கள். நிற்பது மரியாதை, பாடுவது வழிபாடு என்பது அவர்கள் போட்டுக்கொண்ட கோடு. வெளியே இருப்பவர்களுக்கு இந்தக் கோடு நூலிழைபோல் தெரியலாம். குழந்தைகளுக்கு அது தாண்ட முடியாத சுவர்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. 'ஜன கண மன' பாடலை எழுதிய ரவீந்திரநாத் தாகூரே நாட்டைத் தெய்வமாக்கும் போக்கைக் கண்டு அஞ்சியவர். 1917ல் வெளியான தேசியவாதம் பற்றிய அவருடைய சொற்பொழிவுகள் அந்த அச்சத்தின் பதிவு. அவர் பாடல் 1911 டிசம்பரில் கல்கத்தா காங்கிரசில் முதன்முதலாகப் பாடப்பட்டது. 1950 ஜனவரி 24ஆம் தேதி தேசிய கீதமானது. அதைப் பாட மறுத்ததற்காகக் குழந்தைகளைத் தண்டிக்கலாமா என்ற கேள்வியை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

கேரளத்திலிருந்து டில்லிக்கு

தந்தை கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். தனி நீதிபதி மனுவை நிராகரித்தார். இரு நீதிபதிகள் அமர்வும் நிராகரித்தது. கீதத்தை வரிவரியாக ஆராய்ந்த உயர் நீதிமன்றம், எந்த மதத்தவர் மனத்தையும் புண்படுத்தும் ஒரு சொல்கூட அதில் இல்லை என்று கண்டது. அந்தக் கண்டுபிடிப்பு சரிதான். ஆனால் யாரும் கேட்காத கேள்விக்கு அது பதிலாக அமைந்துவிட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. குழந்தைகளுக்காக வாதாடியவர் பாலி எஸ். நாரிமன். விசாரித்தவர்கள் நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும். 1986 ஆகஸ்ட் 11ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் சின்னப்ப ரெட்டி. சட்டக் கல்லூரிகளில் பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று இன்றும் பாடமாக இருப்பது இதுதான்.

கேரள அரசு இரண்டு சுற்றறிக்கைகளை நம்பியிருந்தது. எல்லா மாணவர்களும் தேசிய கீதம் பாடவேண்டும் என்றன அவை. உச்ச நீதிமன்றம் முதலில் அவற்றைத்தான் எடுத்துக்கொண்டது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 19ஆவது ஷரத்து. கல்வித் துறையின் சுற்றறிக்கைக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. பேசும் உரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும்.

நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் என்ன சொல்கிறது? தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 1971ல் வந்தது. வேண்டுமென்றே கீதம் பாடுவதைத் தடுப்பதும், பாடுகிற கூட்டத்துக்கு இடையூறு செய்வதும் அதன்படி குற்றம்; மூன்றாண்டு வரை சிறை. பாடாமல் இருப்பது குற்றம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. கீதத்தை மதிப்பது குடிமகனின் அடிப்படைக் கடமை என்கிறது 51ஏ ஷரத்து. குழந்தைகள் எழுந்து நின்றதிலேயே அந்த மதிப்பு இருக்கிறது என்றது நீதிமன்றம்.

பிறகு வழக்கின் உயிர்நாடிக்கு வந்தார் நீதிபதி. மதச் சுதந்திரம் தரும் 25ஆவது ஷரத்து யாருக்காக? பெரும்பான்மையோர் நியாயம் என்று ஒப்புக்கொள்ளும் நம்பிக்கைகளுக்குப் பாதுகாப்பே தேவையில்லை. மிகச் சிறிய சிறுபான்மையும் தன் அடையாளத்தோடு வாழ முடிகிறதா என்பதுதான் உண்மையான ஜனநாயகத்துக்குச் சோதனை. 25ஆவது ஷரத்தைப் படிக்கும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும் என்றார். சாட்சிகளின் நம்பிக்கை நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் நமக்கு அது பிடித்திருக்கிறதா, நம் பகுத்தறிவுக்கு ஒத்துவருகிறதா என்பது கேள்வியே அல்ல. அது உண்மையாகவும் மனச்சாட்சிப்படியும் கடைப்பிடிக்கப்படுகிறதா, பொது ஒழுங்கையோ ஒழுக்கத்தையோ சுகாதாரத்தையோ பாதிக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கு ஆதாரமாக அவர் எட்டத்து நாடுகளின் தீர்ப்புகளை மட்டும் தேடிப் போகவில்லை. பம்பாயில் இந்த நூற்றாண்டல்ல, போன நூற்றாண்டின் துவக்கத்தில் நீதிபதி தாவர் முன் வந்த ஒரு பார்சி வழக்கையும் எடுத்துக்காட்டினார். இறந்தவர்களுக்காகச் செய்யும் முக்தாத் சடங்குக்கு எழுதிவைத்த சொத்து செல்லுமா என்பது அந்த வழக்கு. ஒரு சமூகம் உண்மையாக நம்புவதை மதச் சார்பற்ற ஒரு நீதிபதி ஏற்றே ஆகவேண்டும், அது சரியா என்று தீர்ப்புச் சொல்ல அவர் அமரவில்லை என்பது தாவர் விட்டுச்சென்ற நெறி.

குழந்தைகளை மறுபடி பள்ளியில் சேர்க்க வேண்டும், படிப்பைத் தொடர வேண்டிய வசதிகளைச் செய்துதர வேண்டும் என்று உத்தரவாயிற்று. நம் மரபும் தத்துவமும் அரசியல் சட்டமும் போதிப்பது சகிப்புத்தன்மை, அதை நீர்த்துப்போக விடக்கூடாது என்று தீர்ப்பு முடிந்தது. நீக்கத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே ஓராண்டும் 16 நாட்களும் போயிருந்தன.

மனம் மாறிய நீதிமன்றம்

கிடங்கூரில் நடந்தது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மைனர்ஸ்வில் என்ற சுரங்க ஊர். கொபைட்டிஸ் குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் 1935ல் கொடி வணக்கம் செய்ய மறுத்துப் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1940 ஜூனில் எட்டு நீதிபதிகள் பள்ளியின் பக்கம், ஒரே ஒருவர் குழந்தைகள் பக்கம். ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த நேரம். தேச ஒற்றுமை முக்கியம் என்று எழுதினார் நீதிபதி பெலிக்ஸ் பிராங்பர்ட்டர்.

தீர்ப்பு வந்த கையோடு சாட்சிகள் மீது தாக்குதல்கள் துவங்கின. மெய்ன் மாநிலத்தில் அவர்களுடைய ராஜ்ய மன்றம் ஒன்று எரிக்கப்பட்டது. பல ஊர்களில் கும்பல்கள் அவர்களை அடித்து விரட்டின. மேலும் பல பள்ளிகள் குழந்தைகளை நீக்கின. பெரும்பான்மையோடு சேர்ந்து தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகள் இரண்டே ஆண்டுகளில், தாங்கள் தவறிழைத்துவிட்டதாக இன்னொரு வழக்கில் வெளிப்படையாக எழுதினார்கள். 1943 ஜூன் 14ஆம் தேதி, அமெரிக்கர்களின் கொடி நாளன்று, பார்னெட் வழக்கில் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே ரத்து செய்தது. போர் உச்சத்தில் இருந்தபோதுதான் அந்த மனமாற்றம் என்பது கவனிக்க வேண்டியது. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமும் 1959ல் எடுத்த நிலையை 1993ல் கைவிட்டுக் குழந்தைகள் பக்கம் வந்தது.

நீதிமன்றங்கள் இல்லாத, அல்லது இருந்தும் பயனில்லாத இடங்களில் விலை அதிகம். நாஜி ஜெர்மனியில் ஹிட்லருக்கு வணக்கம் சொல்லவும் ராணுவத்தில் சேரவும் மறுத்த சாட்சிகள் வதை முகாம்களில் ஊதா முக்கோணம் குத்தி அடைக்கப்பட்டார்கள். தங்கள் நம்பிக்கையைக் கைவிடுவதாக ஒரு தாளில் கையெழுத்திட்டால் விடுதலை உண்டு என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. மிகப் பெரும்பாலோர் கையெழுத்திடவில்லை. சிறைகளிலும் முகாம்களிலும் சுமார் ஆயிரம் ஜெர்மானியச் சாட்சிகள் மாண்டார்கள். ரஷ்யாவில் 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே இந்த அமைப்பைத் தடை செய்தது. வீட்டில் கூடி பைபிள் படித்ததற்காக அங்கே பலர் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

தீர்ப்புக்குப் பின்

இந்தியாவில் 1986 தீர்ப்போடு விஷயம் முடிந்துவிடவில்லை. 2016 நவம்பர் 30ஆம் தேதி, எல்லாத் திரையரங்குகளிலும் படம் துவங்குமுன் தேசிய கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த மாதமே திருவனந்தபுரம் சர்வதேசத் திரைப்பட விழாவில் எழுந்து நிற்காதவர்கள் கைதானார்கள். 2018 ஜனவரி 9ஆம் தேதி அந்த உத்தரவு தளர்ந்தது. கீதம் ஒலிபரப்புவது திரையரங்குகளின் விருப்பம் என்றாயிற்று. இடையில் 2017 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பள்ளிகளில் 'வந்தே மாதரம்' பாடவேண்டும் என்று கூறியபோது, தக்க காரணத்தோடு பாட இயலாதவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்லியது.

கர்நாடகத்தில் தலைமறைப்பு அணிந்த மாணவிகள் 2022ல் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டபோது கிடங்கூர்க் குழந்தைகள் மறுபடி நினைவுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். பிஜோ இம்மானுவேல் தீர்ப்பு இந்த வழக்குக்கும் பொருந்தும் என்றார் நீதிபதி சுதான்ஷு துலியா. பொருந்தாது என்றார் நீதிபதி ஹேமந்த் குப்தா. 37 ஆண்டுகளுக்கு முன் மூன்று குழந்தைகள் வாய் மூடி நின்றதன் பொருள் என்ன என்பதில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்திலேயே ஒரே நாளில் இரண்டு கருத்து.

தீர்ப்பால் மாறாத மனங்களும் உண்டு என்பதற்கு அடுத்த ஆண்டே கொடூரமான சாட்சி கிடைத்தது. 2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை. கொச்சியை அடுத்த களமசேரியில் ஒரு மாநாட்டு அரங்கு. யெகோவாவின் சாட்சிகளின் மூன்று நாள் மாநாட்டின் கடைசி நாள். இரண்டாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். காலைப் பிரார்த்தனை வேளையில் அரங்குக்குள் குண்டுகள் வெடித்தன. 12 வயதுச் சிறுமி உள்பட எட்டுப் பேர் இறந்தார்கள். பலர் தீக்காயம் அடைந்தார்கள். சிறிது நேரத்தில் ஒருவர் போலீஸில் சரணடைந்தார். அந்தச் சபையில் முன்பு இருந்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அவர், முன்னதாக ஒரு வீடியோவில் தன் காரணத்தைப் பேசியிருந்தார். அந்தச் சபையின் போதனை தேச விரோதமானது என்றார். குழந்தைகளைத் தேசிய கீதம் பாட வேண்டாம் என்று கற்பிப்பதையும் குறிப்பிட்டார். 1985ல் சட்டமன்றத்தில் எழுந்த அதே குற்றச்சாட்டு.

மனச்சாட்சிக்கு இரு பக்கம்

சாட்சிகளைப் பற்றிய விமர்சனங்கள் எல்லாமே வெறுப்பிலிருந்து பிறந்தவை அல்ல. ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் சபையின் விதிகளை மீறினாலோ விலகினாலோ மற்ற உறுப்பினர்கள், நெருங்கிய உறவினர்கள்கூட, அவரோடு பழகுவதை நிறுத்துகிறார்கள். வெளியேறியவர்கள் பல நாடுகளில் சொல்லும் பெரிய வேதனை இதுதான். ரத்தம் ஏற்ற மறுக்கும் பெற்றோரின் முடிவு நோயாளிக் குழந்தையைப் பொறுத்தவரை மனச்சாட்சி விவகாரம் மட்டுமா என்ற கேள்விக்கு மருத்துவர்கள் பல இடங்களில் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். அரசின் முன் தன் மனச்சாட்சிக்கு இடம் கேட்கும் சபை, தன்னை விட்டுப் போகிறவரின் மனச்சாட்சிக்கும் அதே இடத்தைக் கொடுக்கிறதா என்று கேட்பது நியாயமே.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி கடவுளின் வார்த்தைக்குக் கீழ்ப்படிந்தாளா, அப்பாவுக்குக் கீழ்ப்படிந்தாளா? இதைப் பிரித்துச் சொல்வது எளிதல்ல. ஆனால் தேசிய கீதம் பாடிய மற்றக் குழந்தைகளைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். தேசத்தின் மீதிருந்த பக்தியால் பாடினார்களா, ஆசிரியர் சொன்னதால் பாடினார்களா? கட்டாயத்தின் பேரில் வரும் பக்தி எந்தக் கணக்கிலும் சேராது என்பதைக் கோயிலுக்குப் போகிறவர்களும் அறிவார்கள்.

கடவுளின் குரல் கேட்டதாகச் சொல்லி உலகத்தில் எவ்வளவோ கொடுமைகள் நடந்திருக்கின்றன. அதனால் அந்த வாதத்தை அரசாங்கங்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை. யார் மீது அதன் சுமை விழுகிறது என்பதைக் கொண்டுதான் அதை எடைபோட முடியும். இன்னொருவரின் கழுத்தைப் பிடிக்கச் சொல்லும் குரல் ஒன்று. தன் வாயை மட்டும் மூடிக்கொள்ளச் சொல்லும் குரல் வேறு. கிடங்கூர்க் குழந்தைகளின் கீழ்ப்படிதலால் யாருடைய பாட்டும் நிற்கவில்லை. யாருக்கும் ஒரு நிமிடம்கூட நஷ்டமில்லை. நஷ்டமெல்லாம் அவர்களுக்குத்தான்.

உச்ச நீதிமன்றம் அவர்களுடைய வேத விளக்கத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நிராகரிக்கவும் இல்லை. அது தன் வேலை அல்ல என்று சொல்லி, உள்ளே உட்கார இடம் கொடுத்தது. கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான். வீட்டுக்காரர் அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 'வேண்டாம்' என்று சொல்லவும் உரிமை உண்டு. அப்படிச் சொன்ன பிறகு, படியிறங்கி அடுத்த வீட்டுக்குப் பத்திரமாக நடந்துபோக அவர்களுக்கு வழிவிட்டால் போதும்.